தீவுக்குப் போன பெஞ்சமினும் வியாழக்கிழமை விமானமும்

திருக்கழுக்குன்றத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் போகிற ரோட்டை விட்டு உள்ளே இறங்கினால் நரியேரி. ஏரிக்கு மேற்கே ஊர், கிழக்கே காலனி. காலனியில் ஏசுதாசுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தன, நடுவில் ஒன்று தக்கவில்லை. மூத்தவள் வரலட்சுமி, ஏசுதாஸ் வேதத்தில் சேருவதற்கு முந்தின வருஷம் பிறந்தவள். அவளுக்கு மட்டும் பழைய வழிப் பெயர் நின்றுவிட்டது, மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. கடைசிப் பிள்ளை பெஞ்சமின். ஏசுதாஸ் ஊர்ப்பக்கத்துக் காசிநாதன் வீட்டுக் கழனியில் முப்பது வருஷம் சேறு மிதித்தவர். காசிநாதன் வீட்டு வாசலில் செருப்போடு நின்றதில்லை. ஏசுதாஸ் மகனோ செங்கல்பட்டில் தட்டச்சு படித்து, இரண்டு மொழியிலும் மேல்நிலை தேறி, ஒரு ஏஜெண்டு மூலமாகக் கடலுக்கு அப்பால் கொர்வேல் தீவுக்குப் போய்விட்டான்.

கொர்வேல் என்பது வெள்ளைக்காரர்களின் கையில் இருந்த தீவு. மீன் பதப்படுத்தும் ஃபேக்டரிதான் அங்கே பெரிய பிழைப்பு. மீன் அறுப்பதற்கும் கட்டட வேலைக்கும் செய்யூர், கூவத்தூர், கல்பாக்கம் பக்கத்து ஆட்கள் நூற்றுக்கணக்கில் போனார்கள். பெஞ்சமின் முதலில் ஃபேக்டரியில் கணக்குப் பிள்ளை. விரல் வேகத்தைப் பார்த்து, தீவின் விமான இலாகாவில் எடுத்துக்கொண்டார்கள். எந்த விமானம் எந்தக் கிழமை, எத்தனை பேர் ஏறினார்கள், எந்த நாட்டோடு என்ன ஒப்பந்தம் என்கிற ஃபைல்கள் எல்லாம் அவன் பொறுப்பு. பத்தொன்பது வருஷம் அந்த நாற்காலியில் இருந்தான்.

கட்டிக்கொண்டது ஜாய்ஸை. மதுராந்தகம் தேவசகாயம் கண்டக்டரின் இரண்டாவது மகள், வாய்த்துடுக்கு. பிள்ளை இல்லை. முதல் எட்டு வருஷம் தீவில்தான் அவனோடு இருந்தாள். பிறகு கால் வீங்கியது, முகம் வீங்கியது. இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப்போயின என்று சொன்னார்கள். தீவில் ரத்தம் சுத்தம் செய்யும் மெஷின் கிடையாது. ஊருக்குக் கூட்டிவந்து, செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு மூன்று நாள் என்று ஏற்பாடு ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். வரலட்சுமி கூட்டிப்போய்க் கூட்டிவருவாள்.

பெஞ்சமினுக்கு வேலையை விட்டுவிட்டு வர வழியில்லை. அந்தச் சம்பளத்தில்தான் மெஷின் ஓடியது. ஆனால் தீவிலிருந்து சென்னைக்கு வாரம் ஒரு விமானம் இருந்தது. வியாழன் காலை அங்கே ஏறினால் மத்தியானம் மீனம்பாக்கம். பொழுது சாய்வதற்குள் நரியேரி. விமானத்தின் கடைசி வரிசையில் இலாகாக்காரர்களுக்கென்று ஒரு சீட்டு எப்போதும் உண்டு. மாதத்தில் ஒரு வாரம் பெஞ்சமின் அந்தச் சீட்டில் வருவான், மடிக்கணினியில் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பான், அடுத்த வியாழன் திரும்புவான். அந்த வாரத்தில் மூன்று நாளும் ஜாய்ஸ் கட்டிலுக்குப் பக்கத்தில் அவன்தான் உட்காருவான். ஊசி போடுவதற்காக அவள் இடது கையில் நரம்பை இணைத்துத் தைத்திருந்தார்கள். அதன்மேல் விரலை வைத்தால் உள்ளே தேனீ அடைபட்டதுபோல் விர்ரென்று ஓடும். அது ஓடுகிறவரைக்கும் பயமில்லை என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். நாலு மணி நேரமும் அவன் விரல் அங்கேதான் இருக்கும். ஏழு வருஷம் அவர்கள் குடித்தனம் நடந்தது அந்த வியாழக்கிழமை விமானத்தினால்தான்.

இப்படி இருக்கும்போதுதான், வெள்ளைக்காரர்கள் தீவைப் பக்கத்துப் பெரிய நாட்டுக்கு விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்துப் போட்டார்கள். கொடி மாறுகிற தேதியும் குறித்தாயிற்று. தீவில் சிலர் பட்டாசு வெடித்தார்கள், சிலர் பெட்டி கட்டினார்கள். ஃபைல் பெஞ்சமின் கையில் இருந்ததால் மற்றவர்களுக்குத் தெரியாதது அவனுக்குத் தெரியும். சென்னை விமானம் பறப்பது வெள்ளைக்கார அரசும் இந்தியாவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பேரில். வெள்ளைக்காரன் போனால் அந்தக் காகிதமும் அவனோடு போகும். கொடி மாறின மறுநாள் அந்த விமானம் இந்திய மண்ணில் இறங்க உரிமை கிடையாது.

தீவுக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. விமான விஷயத்தில் மட்டும் தீவு தன் பேரிலேயே ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம், ஆனால் தேதிக்கு முன்னால் முடிக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் எங்கள் தலையசைப்பு வேண்டும் என்று புது எஜமான நாடு சொல்லியிருந்தது. அதனால் ரொசாலி மேடம் என்கிற அதிகாரி தலைமையில் ஐந்து பேர் நாடு நாடாகப் போய்ப் பேசினார்கள். ஐந்தாவது ஆள் பெஞ்சமின், ஃபைல் தூக்கவும் தட்டச்சு அடிக்கவும். இந்தியாவோடு பேச்சு என்று வந்தபோது, கூட்டத்துக்கு இடம் மாமல்லபுரம் கடலோரத்தில் ஒரு பெரிய ஹோட்டல் என்று முடிவாயிற்று. நரியேரியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம்.

விமானம் ஏறுமுன் ரொசாலி மேடம் ஐந்து பேரையும் உட்காரவைத்துச் சொன்னார். இந்தியா கட்டாயம் ஒன்று கேட்கும்: தங்கள் விமானங்கள் தீவில் இறங்கி, அங்கே ஆள் ஏற்றிக்கொண்டு ஆப்பிரிக்கக் கரைவரை போகிற உரிமை. அதைக் கொடுக்கவே கூடாது என்று புது எஜமானர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அதற்கு ஈடாகக் கொடுக்க நம்மிடம் வேறு எதுவும் இல்லை. ஆகையால் நமக்கு இருக்கிற ஒரே வழி, சென்னை விமானத்தைப் பற்றி நமக்குப் பெரிய அக்கறை இல்லை என்பதுபோல் நடந்துகொள்வது. பழக்கத்துக்கு ஓடுகிறது, இருந்தால் இருக்கட்டும் என்று விட்டால் இறங்கும் ஊர்களின் பட்டியலில் அப்படியே உட்கார்ந்துவிடும். எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்கிற கணக்கு யார் வாயிலிருந்தும் வரக்கூடாது. மேடம் கடைசியாகப் பெஞ்சமினைப் பார்த்தார், ஏனென்றால் கணக்கு அவன் பெட்டியில் இருந்தது. அவன் தலையாட்டினான். அந்த அறையில் அவனைவிட அதிகமாக அந்த விமானம் வேண்டியிருந்தவன் யார்?

முதல் நாள் நல்லபடியாகவே போயிற்று. இந்தியப் பக்கத்தில் எட்டுப் பேர் இருந்தார்கள். கேட்டார்கள், மறுத்தார்கள், டீ குடித்தார்கள். சென்னைப் பேச்சு ஒரே ஒரு தடவை வந்தது. மேடம் பக்கத்தைப் புரட்டியபடி, அது பழைய ஏற்பாடு என்று சொல்லித் தாண்டிவிட்டார். எதிர்ப்பக்கமும் தாண்டிற்று. பெஞ்சமினுக்கு மூச்சு வந்தது. சாயங்காலம் நரியேரிக்குப் போய் ஜாய்ஸிடம் நாளை மறுநாள் கையெழுத்து ஆகிவிடும் என்று சொல்லிவிட்டு வந்தான்.

இரண்டாம் நாள் மத்தியானச் சாப்பாடு. அதிகாரிகள் கடலைப் பார்த்த மேசைகளில் உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சமின் தட்டை எடுத்துக்கொண்டு தூணோரமாக நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இந்தியப் பக்கத்தில் இரண்டாவது நாற்காலியில் இருந்த அதிகாரி, தானே தட்டோடு எழுந்து அவனிடம் வந்தார். முதல் நாள் பெயர் அட்டையைப் பார்த்தபோதே பெஞ்சமினுக்குச் சந்தேகம். திருநாவுக்கரசு. காசிநாதனின் மூத்த மகன், டெல்லியில் பெரிய வேலை என்று ஊரில் பேச்சு. முப்பது வருஷமாக ஏரிக்கு அந்தப் பக்கம்கூட அவரைப் பார்த்ததில்லை.

"பேரப் பாத்தன். நரியேரி ஏசுதாஸ் மவனா நீ?" என்றார்.

"ஆமா சார்."

"அதான் மூஞ்சி அப்டியே கீது. அப்பா இருக்காரா?"

போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று என்று பெஞ்சமின் சொன்னான். அவர் நிஜமாகவே வருத்தப்பட்டதுபோல் இருந்தது. டெல்லியில் இந்த மாதிரிப் பேசி எவ்வளவு நாளாயிற்று, வாயெல்லாம் மரத்துப்போய்விட்டது என்றார். அக்கா எப்படி இருக்கிறாள், ஏரியில் தண்ணீர் இருக்கிறதா, கட்டினது எந்த ஊர்ப் பெண் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஜாய்ஸின் உடம்பைப் பற்றி அவன் சொன்னதும் கையிலிருந்த ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டார்.

"பாவம்டா. ஆனா நீ மட்டும் லேசுப்பட்டவனா? எங்க வரப்புல ஓடிகினு இருந்த பய, இன்னிக்கு எனுக்கு எதிர்ல ஒக்காந்து ஒரு தேசத்துக்காகப் பேசற."

"நான் எங்க சார் பேசறன். டைப் அடிக்கிறவன்."

"இன்னாடா சும்மா சார் சாருன்னுகினு. அண்ணாத்தன்னு கூப்புடு. ஒரே ஊருதான நாம."

காலனிக்காரன் ஒருவனைப் பார்த்து ஊர்ப்பக்கத்து ஆள் அப்படிச் சொன்னதை நரியேரியில் யாரும் கேட்டதில்லை. பெஞ்சமினின் அப்பன் ஆயுசு முழுக்க அந்த வீட்டுச் சின்னப் பிள்ளைகளைக்கூட ஐயா என்றுதான் கூப்பிட்டார். அந்த நிமிஷத்தில் மேடம் சொன்னதைப் பெஞ்சமின் மறந்துவிட்டான் என்று சொல்ல முடியாது. நினைவு இருந்தது. ஆனால் அதற்கு மேலே வேறொரு எண்ணம் வந்து உட்கார்ந்தது. இவர் நம் ஊர்க்காரர். எத்தனை பேர் நம் ஜனங்கள் இந்த விமானத்தை நம்பி இருக்கிறார்கள் என்று தெரிந்தால் இவரே விடமாட்டார். தெரியாமல்தானே விட்டுவிடக் கூடும்?

திருநாவுக்கரசு கேட்டது சாதாரணமாகத்தான். "அந்த வியாயக்கெயம ப்ளைட்டு, காலியாத்தான வருது? உங்க மேடம் அத ஒரு பொருட்டாவே சொல்லல."

"காலியா? நீங்க வேற அண்ணாத்த. ஒரு மாசத்துக்கு முன்னாடியே சீட்டு தீந்துடும். செய்யூர் ஆளுங்க, கூவத்தூர் ஆளுங்க, எல்லாம் நம்ம ஜனம். அது இல்லன்னா அந்தத் தீவே படுத்துடும். நான் செத்தே பூடுவன்."

அவர் அவன் தோளில் கை வைத்தார். "நான் பாத்துக்கறன், போ," என்று சொல்லிவிட்டுத் தன் மேசைக்குத் திரும்பினார்.

மூன்று மணிக்குக் கூட்டம் மறுபடி கூடிற்று. இந்தியப் பக்கத்துத் தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகத்தான் ஆரம்பித்தார். சென்னை விமானம் நிரம்பி வழிகிறது என்றும், தீவின் பிழைப்பே அதில்தான் இருக்கிறது என்றும் தங்களுக்கு நல்ல தகவல் உண்டு என்றார். இவ்வளவு பெறுமதியான ஒன்றை இனாமாகக் கொடுக்க முடியாது. ஆப்பிரிக்கா வரை போகிற உரிமையைக் கொடுங்கள், சென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பட்டியலில் ஏற்கெனவே ஒத்துக்கொண்ட மும்பை மட்டும் இருக்கும்.

திருநாவுக்கரசு தன் எதிரில் இருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரொசாலி மேடத்தின் கழுத்து சிவந்துபோயிற்று. பத்து நிமிஷம் அவகாசம் கேட்டு, தன் ஆட்களைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். யார் சொன்னது என்று கேட்டார். யாரும் வாயைத் திறக்கவில்லை. பெஞ்சமினும் திறக்கவில்லை. அவனை யாரும் சந்தேகப்படக்கூட இல்லை. அந்த விமானம் அவனுக்கு எப்படிப்பட்டது என்று நாலு பேருக்கும் தெரியும், அவனா கெடுப்பான்? மேடம் புது எஜமான நாட்டுத் தலைநகருக்குப் போன் செய்தார். அரை மணி நேரம் கெஞ்சினார். அங்கிருந்து வந்த பதில் முன்பு சொன்னதுதான்: அந்த உரிமையைக் கொடுக்கக் கூடாது. சென்னை போனால் போகட்டும்.

இடைவேளையில் திருநாவுக்கரசு வராந்தாவில் இரண்டு அதிகாரிகளோடு நின்று பேசிக்கொண்டிருந்தார். பெஞ்சமின் போய்ப் பக்கத்தில் நின்றான். "அண்ணாத்த," என்று கூப்பிட்டான். மூன்று பேரும் திரும்பினார்கள். திருநாவுக்கரசு அவனைப் பார்த்து, "எஸ், மிஸ்டர் பெஞ்சமின்?" என்று இங்கிலீஷில் கேட்டார். குரலில் கோபமும் இல்லை, கிண்டலும் இல்லை. முன்பின் பழக்கமில்லாதவனிடம் பேசுகிற மரியாதை.

"ஒண்ணுமில்ல சார்," என்று சொல்லிவிட்டு அவன் உள்ளே வந்துவிட்டான்.

மூன்றாம் நாள் காலை, ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கம் அடிக்க வேண்டியிருந்தது. எந்த எந்த ஊரில் இறங்கலாம் என்கிற பட்டியல் அது. வருஷக்கணக்காக அந்தப் பக்கத்தை அடித்தவன் அவன்தான். இந்தியாவில் இறங்குமிடம் என்ற இடத்தில் மும்பை என்று அடித்தான். சென்னை பற்றிப் பிற்பாடு பேசிக்கொள்ளலாம் என்று கீழே ஒரு வரி. எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டு தடவை படித்துப் பார்த்தான். பிழை இல்லை. இரண்டு பக்கத்தாரும் ஒவ்வொரு தாளிலும் சின்னக் கையெழுத்துப் போட்டார்கள், அவன் தாள்களை ஒவ்வொன்றாக நகர்த்திக் கொடுத்துக்கொண்டு நின்றான். பிறகு படம் எடுத்தார்கள். அதில் அவன் இல்லை.

கொடி மாற இரண்டு மாதம் இருந்தது. கடைசி வியாழக்கிழமை விமானத்தில் வந்தபோதுதான் ஜாய்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்திருந்தாள். கண்ணை மூடியபடியே கேட்டாள். அழுவாள் என்று நினைத்தான்.

"அண்ணாத்தன்னு கூப்புட சொன்னானா?" என்றாள்.

"ஆமா."

"அதுக்கா யோவ்? ஒரு வார்த்தைக்கா?" அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் இருமல் வந்து, வரலட்சுமி வந்து முதுகைத் தடவவேண்டியதாயிற்று. "என்னப் பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே, எங்கப்பா மாப்ளன்னு ஒரு வாட்டி கூப்ட்டதுக்கு, சீர் ஒண்ணும் வாணாம்னு சொல்லிட்ட ஆளாச்சே நீ."

இருமல் நின்றது. யாரிடமும் இதைச் சொல்லாதே, அக்காவுக்குக் காதில் விழுந்திருந்தாலும் அவள் வெளியே சொல்லமாட்டாள் என்றாள். காலனியில் பன்னிரண்டு வீட்டு ஆட்கள் தீவில் இருக்கிறார்கள், உன்னை வெட்டிப் போடுவார்கள் என்றாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கொடி மாறிற்று. பெஞ்சமின் நாற்காலி போகவில்லை, மேலே மாட்டியிருந்த படம் மட்டும் மாறியது. இப்போது ஊருக்கு வரவேண்டும் என்றால் தீவின் மும்பை விமானம் நேரே போகாது, முதலில் புது எஜமானர்களின் தலைநகர், அங்கே ஒரு ராத்திரி, பிறகு மும்பை, பிறகு சென்னை. இரண்டரை நாள். இலாகா சீட்டு மும்பையோடு சரி. மாதம் ஒரு தடவை வந்தவன் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்தான். ஜாய்ஸ் போனில் நன்றாகத்தான் பேசினாள். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாட்களில் ஒன்றை அவ்வப்போது விட ஆரம்பித்திருந்தாள். பஸ் கிடைக்கவில்லை என்பாள், மழை என்பாள். வரலட்சுமிக்கும் முட்டி வலி. இழுத்துக்கொண்டு போக ஆளில்லை. நீ வந்தால் ஒழுங்காகப் போகிறேன் என்று அவள் ஒருபோதும் சொல்லவில்லை. வரலட்சுமிதான் சொன்னாள், தம்பி, அவ உனக்காகத்தான்டா அங்க போய்ப் படுத்துகினு இருந்தா, என்று.

சென்ற ஐப்பசியில், மூன்று தடவை சேர்ந்தாற்போல் விட்டுவிட்டாள். நெஞ்சில் நீர் கோத்து, மூச்சு முட்டி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில், பொன்விளைந்தகளத்தூர் தாண்டுமுன் ஆட்டோவிலேயே அடங்கிவிட்டாள். தகவல் போன அன்றே பெஞ்சமின் கிளம்பினான். முதல் நாள் தலைநகரில் உட்கார்ந்திருந்தான். இரண்டாம் நாள் மும்பையில், சென்னையில் மழை என்று விமானத்தை ஏழு மணி நேரம் நிறுத்திவைத்தார்கள். நரியேரியில் ஐஸ் பெட்டி வைத்திருந்தார்கள். மழையில் கரண்டு போய்ப் போய் வந்தது. இதற்குமேல் வைத்திருக்க முடியாது என்று பாஸ்டர் சொன்னார். தேவசகாயம் கண்டக்டர், எண்பது வயசு, பெட்டிக்குள் மகளைப் பார்த்துவிட்டு, அவன் வரட்டும், இன்னும் ஒரு மணி நேரம் பாருங்கள் என்று நாலு தடவை கேட்டார். நாலு தடவையும் பார்த்தார்கள். பெஞ்சமின் வந்து இறங்கியபோது கல்லறை மண்மேல் போட்ட பூக்களையும் மழை அடித்துக்கொண்டுபோயிருந்தது. ஈர மண்ணில் அவன் முழங்கால் போட்டு உட்கார்ந்ததை மாமனார் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதன்பிறகு அவன் தீவுக்குத் திரும்பவில்லை. அங்கே யாருக்காகச் சம்பாதிக்க? இப்போது மாமல்லபுரம் பஸ் நிலையத்துக்கு அருகில் ஒரு ஜெராக்ஸ் கடையின் பின்பக்க மேசையில் உட்கார்ந்திருக்கிறான். பாஸ்போர்ட்டு, விசா, டிக்கெட்டு மனுக்களை நிரப்பிக் கொடுப்பதுதான் வேலை. தீவைப் பற்றி அவனுக்குத் தெரிந்த அளவு இந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரியாது என்று ஆட்கள் தேடிவருகிறார்கள்.

போன வாரம் கூவத்தூரிலிருந்து கல்யாணி என்று ஒரு பெண் வந்திருந்தாள். மீன் ஃபேக்டரி வேலைக்குப் போகிறாள். முன்பே அங்கே நாலு வருஷம் இருந்தவள்தான். மும்பை வழியாகப் போனால் எங்கே எங்கே இறங்கி ஏறவேண்டும் என்று அவன் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான். அவள் அதைப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

"முன்ன காலைல ஏறுனா மத்தியானம் வூடு. என் சின்னதுக்கு அப்ப ஒரு வயசு. எந்தப் பாவி நிறுத்துனான்னே தெரியல. அவன் கை வெளங்குமா?"

கடைக்காரன் மெஷின் பக்கத்திலிருந்து, அதெல்லாம் கவர்மெண்டு விவகாரம்மா என்றான்.

"கவர்மெண்டுன்னா ஆளு இல்லியா? எவனோ ஒருத்தன் ஒக்காந்து எழுதியிருப்பான்ல? அவன் பொண்டாட்டி புள்ள நல்லாவா இருக்கும்?"

பெஞ்சமின் அவளுடைய விசா மனுவைத் தன் பக்கம் திருப்பினான். பேனாவின் மூடியைக் கழற்றி, அடுத்த கட்டத்தில் வைத்தான்.

"கூடப் பொறந்தவங்க எத்தினி பேரும்மா?" என்று கேட்டான்.